தேளுக்கு எழுபது மார்க்

வாரியத்திலிருந்து நாய்க்குட்டிதான் வரும் என்று நம்பி, பிரகதீஸ் ஒரு சிவப்புப் பந்தும் மணி வைத்த கழுத்துப்பட்டையும் வாங்கி வைத்திருந்தான். வந்தது தேள்.

உள்ளங்கை நீளம். மணல் நிறம். கால்களில் பூனைமயிர். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வாலைச் சுருட்டி, பந்தியில் கவனிக்கப்படாத சம்பந்தி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தது.

"நாய் இல்லீங்களா?"

"நாயெல்லாம் போன வருசத்தோட சரிங்க," என்றான் வண்டியில் வந்தவன். "இப்ப தேளுதான். அமெரிக்காப் பாலைவனத்துத் தேளு. எவனோ திருட்டுத்தனமா பிளேன்ல கொண்டாந்து நானூறு பிடிபட்டுச்சாம். சும்மா கெடக்குதேன்னு வாரியம் வாங்கிப்போட்டுச்சு. கொட்டுனா குளவி கொட்டுன மாதிரிதான் இருக்கும், பயப்படாதீங்க. செல்லப்பேரு சொல்லுங்க, எழுதோணும்."

"தேளுக்கா?"

"பேரில்லாம படிவம் ஏறாதுங்க."

நாய்க்குட்டிக்காக யோசித்து வைத்திருந்த பெயரையே பிரகதீஸ் சொன்னான். "தங்கம்."

அவன் மனைவி தாரணி வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு வயதில் மனிதர்களிடம் சொல்வதை அவள் ரொம்பக் குறைத்துவிட்டிருந்தாள். சொன்னால் படிவத்தில் ஏறாது என்பது தெரிந்த பிறகு.

முன்பெல்லாம் பிள்ளையைத் தத்தெடுக்க விண்ணப்பித்தால் ஓர் அலுவலர் வீட்டுக்கு வருவார். காபி குடிப்பார். பக்கத்து வீட்டில் விசாரிப்பார். குளியலறையில் பாசி பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். மனிதர் என்றால் விருப்பு வெறுப்பு இருக்கும் என்று சொல்லி, இரண்டும் இல்லாத ஒரு கருவியைப் பெற்றோர் தகுதி வாரியம் கொண்டுவந்தது. அதன் பெயர் பாசமானி. தேங்காய் மூடியைக் கவிழ்த்த வடிவத்தில், வெள்ளையாக இருக்கும். ஒரு கண், இரண்டு காது. விண்ணப்பித்தவர் வீட்டில் ஒரு பிராணியையும் இந்தக் கருவியையும் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எத்தனை முறை தொட்டார்கள், எவ்வளவு குழைந்து பேசினார்கள், எத்தனை நிமிடம் முகம் பார்த்தார்கள், என்ன பரிசு கொடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கி அது நூற்றுக்கு ஒரு மார்க் போடும். தொண்ணூறாம் நாள் எழுபது இருந்தால் பிள்ளை. இல்லாவிட்டால் ஐந்து வருடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

தாரணிக்கு வேண்டியது பொதுவாக ஒரு பிள்ளை அல்ல. அல்லி.

அல்லிக்கு வயது ஆறு. காப்பகத்துப் பார்வையாளர் அறையில், மேசைக்கு அடியில் இருப்பாள். இரண்டு குடும்பங்கள் கூட்டிக்கொண்டுபோய்த் திருப்பி விட்டிருந்தன. கட்டிப்பிடித்தால் விறைத்துக்கொள்கிறாள், முத்தம் கொடுத்தால் துடைத்துக்கொள்கிறாள் என்று புகார். காப்பகத்திலும் ஒரு பாசமானி இருந்தது; அது அவளுக்குப் போட்டிருந்த மார்க் பதினொன்று. தாரணி முதல் தடவை போனபோது குனிந்து கூப்பிடவில்லை. தரையில் உட்கார்ந்து, கையோடு கொண்டுபோயிருந்த மில் ஷிப்ட் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்துவிட்டு வந்தாள். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை மேசைக்கு அடியிலிருந்து, பாதி கடித்த கடலைமிட்டாய் ஒன்று தரையோடு தள்ளப்பட்டு வந்தது. தாரணி எடுத்துச் சாப்பிட்டாள். இருவரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

அன்றைக்கே படிவம் வாங்கிவிட்டாள்.

ஐந்து வருடம் என்றால் அல்லிக்குப் பதினொன்று ஆகிவிடும். அதற்குள் இன்னும் எத்தனை பேர் கூட்டிப்போய்த் திருப்பி விடுவார்களோ.

தேளோடு, அதற்கு வாரியமே தயாரித்த ஒரு மாளிகையும் வந்திறங்கியது. பெயர் 'பாச இல்லம்'. ஒளிவு மறைவு இல்லாமல் நான்கு பக்கமும் கண்ணாடி. தரையில் ஈரத் தென்னைநார். மூலையில் சின்ன நீரூற்று. பிளாஸ்டிக் தென்னைமரம், அதில் ஓர் ஊஞ்சல். மேலே நிறம் மாறி மாறி எரியும் விளக்கு. படுக்க இதய வடிவத்தில் வெல்வெட் மெத்தை. கூடவே அறுபத்திரண்டு பக்கக் கையேடு. அதில் முதல் பதினோரு பக்கம் பாசமானியைக் கண்டுபிடித்த வாரிய இயக்குநர் முனைவர் அருள்நம்பியின் முன்னுரையும் புகைப்படங்களும். மிச்சத்தில், தினமும் இருபது நிமிடம் செல்லத்தை மடியில் வைத்து முதுகைத் தடவவும் என்று தடித்த எழுத்தில் இருந்தது.

தாரணி தன் பையிலிருந்து ஈரப்பத மீட்டரை எடுத்து உள்ளே வைத்தாள். சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூற்பாலையில் பதினெட்டு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறும். அறாமல் பார்த்துக்கொள்ளும் பெரிய ஈரக்காற்று இயந்திரம் அவள் பொறுப்பில் ஓடியது.

மீட்டர் எழுபத்திநாலு காட்டியது.

"இதுக்குள்ள ஸ்பின்னிங் பிரேம் ஓட்டலாம். ஒரு இழை அறாது," என்றாள்.

மூன்று நாள் தங்கம் கண்ணாடியில் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்துகொண்டே இருந்தது. நான்காம் நாள் நீரூற்றுக்கு எதிர்மூலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. போட்ட வெட்டுக்கிளி அதன் தலைமேல் ஏறி உட்கார்ந்து சாவகாசமாக மீசையை நீவிக்கொண்டிருந்தது.

உக்கடத்தில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாய், பாம்பு பல்லி எல்லாம் வளர்த்துப் பார்த்தவர். பிரகதீஸ் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து மீன்தொட்டியைக் கழுவ வருகிறவர். பிரகதீஸ் அங்கே டிராயிங் மாஸ்டர். அவன் கூப்பிட்டதும் வந்து, மாளிகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், கல்யாண மண்டபத்த சுருக்கிக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க?"

"வாரியம் குடுத்ததுங்க பாய்."

"அதான, காசு குடுத்து எவனும் வாங்க மாட்டான். மொதல்ல அந்த நீரூத்த நிறுத்துங்க. ஈரம் இருந்தா இது ஒடம்புல பூஞ்சை புடிச்சுச் செத்துரும். நாரெல்லாம் அள்ளி வெளிய போடுங்க. காஞ்ச மணல், கொஞ்சம் களிமண் கலந்து, ஒரு சாண் ஒசரத்துக்குக் கொட்டோணும். இது பொந்து தோண்டுற சாதி. தோண்டுனா சரியக் கூடாது, அதுக்குத்தான் களிமண்ணு."

தாரணி எழுதிக்கொண்டாள். "மேல கல்லு வெக்கலாங்களா பாய்?"

"தட்டைக்கல் ஒண்ணு அவசியம் வேணும் மேடம். ஆனா மணல் மேல சும்மா வெக்காதீங்க. அடியில தோண்டித் தோண்டி அது மேலயே விழுந்துரும். மொதல்ல கல்ல தொட்டியோட அடித்தரையில ஊனி நிறுத்துங்க, அப்புறம் சுத்தி மணல் கொட்டுங்க. சூடு ஒரு பக்கச் செவுத்துல மட்டும். அடியில சூடு வெச்சிராதீங்க. குளிர்ச்சி தேடித்தான் அது கீழ போவுது, அங்கயும் சூடா இருந்தா எங்க போவும்? தண்ணி ஒரு சோடா மூடி. மேல பூட்டு போட்ட வலைமூடி. மூணு நாளைக்கு ஒரு வெட்டுக்கிளி."

"அப்புறங்க?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. விட்ருங்க."

"விட்ருங்கன்னா?"

"தொடாதீங்க, பேசாதீங்க, தட்டாதீங்க, வெளிச்சம் அடிக்காதீங்க. இதுக்குச் செய்யற பெரிய ஒத்தாசையே அதுதான் மேடம்." பாய் குனிந்து உற்றுப் பார்த்தார். "வயிறு நல்லா உப்பியிருக்குது. பிடிச்ச எடத்துல கண்டமேனிக்குத் தீனி போட்டிருப்பாங்களோ என்னமோ."

சொல்வது எளிது. அது ஐப்பசி. வெளியே பத்து நாளாக விடாத மழை. பதினெட்டு வருடமாகக் காற்றில் ஈரம் ஏற்றியே சம்பளம் வாங்கியவள், இப்போது ஒரு கண்ணாடித் தொட்டியிலிருந்து அதை இறக்கப் படாத பாடு பட்டாள். மணலை அடுப்பில் இரும்புச் சட்டியில் வறுத்தாள். இரண்டு சட்டி ஓட்டையானது. வறுத்த மணல் ஆறுவதற்குள் மறுபடி ஈரம் குடித்தது. மில்லுக்கு வரும் கருவிப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சச் சின்னப் பொட்டலங்கள் போட்டிருப்பார்கள். அவற்றைச் சேகரித்துக் கொண்டுவந்து தொட்டியைச் சுற்றி அடுக்கினாள். மீட்டர் ஐம்பத்தெட்டு என்றது. நாற்பத்தொன்பது என்றது. பிரகதீஸ் ஈரத்துணியை அந்த அறையில் காயப்போட்டான். அறுபத்தாறு என்றது.

"ஏனுங், உங்களுக்கு வேற எடமே கெடைக்கலீங்களா?"

"மழை பெய்யுதே கண்ணு, எங்க காயப்போடறது?"

"போட்டுக்கிட்டே திரிங்க. ஒடம்புச் சூட்டுல காஞ்சுரும்."

இருபத்தோராம் நாள் மீட்டர் இருபத்தெட்டில் வந்து நின்றது. அன்று சாயங்காலமே தங்கம் கல்லுக்கு அடியில் தோண்ட ஆரம்பித்தது. முன்னங்கால்களால் மணலை வாரி வாரிப் பின்னால் தள்ளியது. கண்ணாடியை ஒட்டியே பொந்து போட்டதால், பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் உள்ளே படுத்திருப்பது தெரியும். மறுநாள் வெட்டுக்கிளியின் இறக்கை மட்டும் மிச்சம் கிடந்தது. அந்த இறக்கையைப் பார்த்து தாரணிக்குக் கண் கலங்கியது. திரும்பி, சுவரில் இருந்த பாசமானியைப் பார்த்தாள்.

ஒன்பது.

"அன்பு குறைகிறது," என்றது அது, தேனில் முக்கிய குரலில். "உங்கள் செல்லத்தை அணைத்துக்கொள்ளுங்கள்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் நிம்மதி போயிற்று. பிரகதீஸ் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து தாலாட்டுப் பாடினான். பன்னிரண்டு. தேளைப் படம் வரைந்து தேளுக்கே காட்டினான். பதினாறு. கண்ணாடியில் விரலால் தட்டி, "தங்கோ, செல்லோ, அப்பனப் பாரு," என்றான். முப்பத்தெட்டு! தங்கம் பொந்திலிருந்து பாய்ந்து வந்து வாலைத் தூக்கிக் கண்ணாடியை டக் டக்கென்று கொட்டியது. நாற்பத்தொன்று.

"பாத்தியா, ஏறுது! அதும் பதிலுக்கு வெளையாடுதுன்னு கணக்குப் பண்ணுது."

"கொல்ல வருதுங்க அது."

எட்டு நாள் தங்கம் ஒன்றும் தின்னவில்லை. தாரணி புருஷனை அந்த அறைக்குள் நுழையக் கூடாது என்றாள். மார்க் மறுபடி ஒன்பதுக்கு வந்து உட்கார்ந்தது.

ஐம்பதாம் நாள் இருவரும் வாரிய அலுவலகத்துக்குப் போனார்கள். காத்திருக்கும் கூடத்தில் அவர்களைப் போலவே விண்ணப்பித்த பலர் டப்பாவும் கையுமாக இருந்தார்கள். ஒருவருடைய தேளுக்குப் பூப்போட்ட கவுன் தைத்துப் போட்டிருந்தது. அந்த அம்மாள் அதை மடியில் வைத்து விடாமல் தடவிக்கொண்டிருந்தாள்.

"எத்தனைங்க?" என்று பிரகதீஸ் ஆசையாகக் கேட்டான்.

"தொண்ணூத்திநாலு."

"கொட்டலீங்களா?"

அந்த அம்மாள் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வாயைக் கிட்டே கொண்டுவந்தாள். "ரப்பருங்க. நெசத் தேளு நாப்பதாம் நாளே போயிருச்சு. அது இருந்த வரைக்கும் முப்பதத் தாண்டல. இது வந்ததுக்கப்புறம்தான் வீட்ல ஒரு களையே வந்துச்சு."

முனைவர் அருள்நம்பியின் அறையில் அவருடைய படங்கள் ஏழு இருந்தன. எட்டாவதாக அவரே இருந்தார். தாரணி ஈரப்பதம், மணல், பொந்து எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை கண்ணை மூடிக் கேட்டார்.

"அம்மையீர், அன்பு என்பது உலகப் பொதுமொழி. நாய்க்கு ஒன்று, தேளுக்கு ஒன்று என்று கிடையாது."

"தேளுக்குத் தொட்டா ஆகாதுங்க சார். தொடாம விடறதுதான் அதுக்கு நல்லது. உங்க கருவி அத மட்டும் எண்ணவே மாட்டேங்குது."

"செய்யாத ஒன்றை எப்படியம்மா எண்ணுவது?"

"அதத்தான் சார் நானும் கேக்கறேன்."

"கருவி தவறாது," என்றார் அவர், மேசையில் ஒரு தட்டுத் தட்டி. "ஆயிரத்து எழுநூறு குடும்பங்களை அளந்திருக்கிறது. ஒரே ஒரு புகார்கூடக் கிடையாது."

"புகார்ப் படிவம் எங்கீங்க வாங்கறது?"

"அப்படி ஒன்று அச்சடிக்கவே தேவைப்படவில்லை," என்றார் முனைவர் பெருமையோடு.

வரும் வழியிலேயே பிரகதீஸ் ஒரு பொம்மைக் கடையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, ரப்பர் தேள் ஒன்று வாங்கினான். வீட்டுக்கு வந்ததும் அதை மேசைமேல் வைத்தான். தாரணி அதைப் பார்த்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"மொறைக்காத. ஊரே வெச்சிருக்குது. நாம மட்டும் என்ன அரிச்சந்திரன் வகையறாவா?"

"தங்கத்த என்ன பண்றதுங்க?"

"பாய்கிட்டக் குடுத்தர்லாம். எங்கயோ ஒரு தேளு நல்லா இருந்துட்டுப் போவுது. இங்க பாரு தாரணி, எனக்கு அந்தப் புள்ள வேணும். உனக்கு வேண்டாமா?"

"வேணுங்க."

"அப்புறம் என்ன?"

"மிச்ச நாப்பது நாளும் ரப்பரக் கொஞ்சி மார்க்கு வாங்கிப் பழகிட்டு, அந்தப் புள்ள வந்ததும் என்ன பண்ணுவோம்? அதும் தொட்டா வெறைக்கும். அப்பவும் ஒரு மாசம் இந்தச் சனியன் செவுத்துல உக்காந்துட்டு 'அணைச்சுக்கோங்க, அணைச்சுக்கோங்க'ங்கும். நீங்க மார்க்குக்காக அணைப்பீங்க. மின்னாடி கூட்டிட்டுப் போன ரெண்டு குடும்பமும் அதத்தானுங்க பண்ணியிருக்கும்."

பிரகதீஸ் ரப்பர் தேளை எடுத்து அலமாரியில் நாய்ப்பந்துக்குப் பக்கத்தில் வைத்தான். வைத்த வேகத்தில் பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதற்கும் பாசமானி ஒரு மார்க் குறைத்தது.

எழுபது நாள் ஆயிற்று, எண்பதாயிற்று. மார்க் எட்டு. எண்பத்து நாலாம் நாளிலிருந்து தங்கம் வெட்டுக்கிளியைத் தொடவில்லை. பொந்துக்குள்ளேயே கிடந்தது. ஈரப்பதம் இருபத்தேழு, சூடு சரி, தண்ணீர் சரி. எல்லா மீட்டரும் சரியென்று சொல்ல, உள்ளே இருப்பது மட்டும் சரியில்லை என்றால் என்ன செய்வது என்று எந்த மில்லிலும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. தேளும் போய், பிள்ளையும் போய்விடுமோ என்று எண்பத்தேழாம் நாள் முழுக்க யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டிருந்தாள்.

எண்பத்தெட்டாம் நாள் காலை, ஷிப்டுக்குக் கிளம்பும் முன் கண்ணாடியோரம் குனிந்து பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏனுங், இங்க வாங்க. சத்தம் போடாம வாங்க."

தங்கத்தின் முதுகு வெள்ளையாக இருந்தது. அரிசியை வாரிக் கொட்டின மாதிரி. அரிசி அசைந்தது. ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கால், பொட்டுப் போல இரண்டு கண், நூல்முனை போல ஒரு வால். ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. தங்கம் முன்னாலிருந்த ஓர் இடுக்கியைத் தாழ்த்தி மணலோடு வைத்தது. விழுந்தது அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி மேலே ஏறி, மற்றவற்றை இடித்துக்கொண்டு இடம் பிடித்தது.

பிரகதீஸ் வாயில் கை வைத்துக்கொண்டான். பிறகு வெகுநேரம் கழித்து, "முப்பத்தொண்ணு," என்றான். எண்ணியிருக்கிறான்.

தாரணி சுவரைப் பார்த்தாள். எட்டு. பாசமானி இருந்த உயரத்திலிருந்து பார்த்தால் மணலும் கல்லும் இரண்டு மனிதர்களும்தான் தெரியும். பொந்து தெரியாது.

மில்லில் ஆய்வுக்கு ஆள் வரும்போதெல்லாம் மேனேஜர் ஒரு வேலை செய்வார். ஈரப்பத மீட்டரைக் கழற்றி, நீராவி கக்கும் குழாய்க்கு நேர் கீழே மாட்டச் சொல்வார். மீட்டர் தனக்கு முன்னால் இருப்பதைத்தான் சொல்லும். கூடம் முழுக்க என்ன நிலைமை என்று அதற்குத் தெரியாது. பதினெட்டு வருடமாகத் தாரணி மாட்டேன் என்று சண்டை போட்டிருக்கிறாள். மூன்று முறை பதவி உயர்வு போயிருக்கிறது.

ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பாசமானியைச் சுவரிலிருந்து கழற்றினாள். தொட்டிக்குப் பக்கத்தில், பொந்துக்கு நேராக, தரையில் வைத்தாள். வாரியத்தின் கையேட்டில் நகர்த்தக் கூடாது என்று எங்கும் இல்லை. அப்படி ஒருத்திக்குத் தோன்றும் என்று முன்னுரை எழுதியவருக்குத் தோன்றவில்லை.

கருவி சிறிது நேரம் உற்றுப் பார்த்தது. தொடுகை, இடைவிடாமல். நெருக்கம், முழுமையாக. தூக்கிச் சுமத்தல், இருபத்திநாலு மணி நேரமும். முப்பத்தொரு குழந்தைகள், ஒன்றைக்கூடத் திட்டவில்லை. எண் முப்பதுக்கு ஏறியது. அறுபதானது. மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று தாரணி கிளம்பிப் போனாள். திரும்பி வந்தபோது தொண்ணூற்றேழு.

தொண்ணூறாம் நாள் முனைவர் அருள்நம்பி தானே வந்தார். எட்டிலிருந்து இரண்டே நாளில் தொண்ணூற்றேழு என்பது வாரிய வரலாற்றில் இல்லாத தாவலாம். கூடவே ஒரு புகைப்படக்காரனும், சான்றிதழ் அச்சடிக்கும் சிறுபெட்டியோடு ஓர் உதவியாளரும் வந்தார்கள். முனைவர் பொன்னாடையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். யாருக்கும் போடுவதற்கு முன்னால் வழக்கம்போல முதலில் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"அன்று என் அறையில் இந்த அம்மையார் ஐயத்தோடு நின்றார்," என்று புகைப்படக்காரனைப் பார்த்துத் தொடங்கினார். "இன்று? அன்பு என்பது உலகப் பொதுமொழி என்று நான்..."

"சார்," என்றார் உதவியாளர். "அச்சாயிருச்சு சார். ஆனா..."

"படியுங்கள், உரக்கப் படியுங்கள்!"

உதவியாளர் தாளை நிமிர்த்திப் பிடித்தார். "அன்பு தொண்ணூற்றேழு. தகுதி உறுதி செய்யப்படுகிறது. தகுதி பெற்ற பெற்றோர், தங்கம். பாலைவனத் தேள். வரிசை எண் இருநூற்றுப் பதினாலு."

முனைவர் அப்போதுதான் குனிந்து தொட்டியைப் பார்த்தார். முதுகில் முப்பத்தொன்றோடு தங்கம் பொந்து வாசலில் நின்றிருந்தது. அவர் இரண்டடி பின்னால் வந்ததில் பொன்னாடை ஸ்டூலில் மாட்டிக்கொண்டது.

"இது... இது கருவி எதையோ..."

"கருவி தப்பா சொல்லிருச்சுங்களா சார்?" என்றாள் தாரணி. மிகவும் மரியாதையாகத்தான் கேட்டாள். புகைப்படக்காரன் கேமராவைத் தாழ்த்திவிட்டுக் காதைக் கொடுத்தான்.

"தவறு என்று நான் சொல்லவில்லை."

"தப்புன்னா சொல்லிருங்க சார். எழுதிக் குடுத்தர்லாம். ஆயிரத்து எழுநூறு குடும்பத்துக்கும் மறுபடி அளக்கோணுமே, அதுக்குத்தான் கேக்கறேன்."

முனைவரின் முகத்தில் ஆயிரத்து எழுநூறு குடும்பங்களும் வரிசையாக நடந்து போயின. அவற்றில் ரப்பர் எத்தனை என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

"கருவி தவறாது," என்றார் கடைசியில்.

"அப்பச் சரிங்க. தங்கத்துக்குக் கொழந்தையக் குடுத்தர்லாம். ஆனா சார், தங்கத்துக்குன்னு தனியா வீடு இல்லீங்களே. இந்த வெலாசந்தான்."

உதவியாளர் இருமுவது போலத் திரும்பிக்கொண்டார். முனைவர் பேனாவை எடுத்தார். பெற்றோர் பெயருக்குக் கீழே 'மேற்படியாரின் பராமரிப்பாளர்கள், அதே முகவரி' என்று எழுதி, தாரணி, பிரகதீஸ் இருவர் பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். பொன்னாடையை யாருக்கும் போடவில்லை. வாசலில் செருப்பைத் தேடும்போது மட்டும் திரும்பி, "குழந்தை வந்த பிறகும் ஒரு மாதம் கருவி இங்கேயே இருக்கும்; எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாது. விதி," என்றார்.

அல்லி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தாள். ஒரு துணிப்பை, ஒரு டம்ளர். கூட்டி வந்த பணியாளர் பாசமானியை மறுபடி சுவரில், சாப்பாட்டு மேசையைப் பார்த்தாற்போல் மாட்டிவிட்டுப் போனார். அல்லி வீட்டை ஒருமுறை பார்த்தாள். பிறகு நேராகச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆறு, என்றது சுவர். "குழந்தையை அணைத்துக்கொள்ளுங்கள்."

பிரகதீஸின் கை தானாக நீண்டது. தாரணி ஒரு பார்வை பார்த்தாள். கை மடங்கிவிட்டது. அவள் ஸ்டூலைப் போட்டு ஏறிக் கருவியைக் கழற்றி, பழைய இடத்தில், பொந்துக்கு நேராகத் தரையில் வைத்தாள். அது சற்று முனகிவிட்டுத் தங்கத்தைப் பார்த்துக் குளிர்ந்தது.

"பாய் சொன்னாரு, ரெண்டு வாரத்துல தோலுரிச்சு எல்லாம் எறங்கிருமாம்," என்றான் பிரகதீஸ் கிசுகிசுப்பாக. "அப்புறம் மார்க்குக்கு என்ன பண்றது?"

"அந்த ரப்பர் தேள எங்க வெச்சீங்க?"

"அலமாரியில."

"பத்தரமா இருக்கட்டும். அதுக்கு ஒரு சின்ன கவுனு தெச்சு வைங்க."

தாரணி தரையில் உட்கார்ந்து ஷிப்ட் பதிவேட்டைத் திறந்தாள். மேசைக்கு அடியிலிருந்து பார்த்தால், அறை வாசல் வழியாகத் தரையோடு இருந்த தொட்டியும் பொந்தும் தெரியும். கால் மணி நேரம் போயிருக்கும். மேசைத்துணிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவளுக்கு அந்தக் குரல் புதிது.

"அது முதுகுல இருக்கறத எறக்கி விடாதா?"

"அதுகளா எறங்கும்," என்றாள் தாரணி, எழுதுவதை நிறுத்தாமல்.

"எப்போ?"

"அதுகளுக்கு எப்பத் தோணுதோ அப்போ."

மேசைக்கு அடியில் யோசனை நடந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் தொண்ணூற்றேழு எரிந்துகொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. மேசைத்துணியின் ஓரம் கொஞ்சம் தூக்கி, ஒரு கால் பெருவிரல் மட்டும் வெளியே வந்து, தரை சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தது.